சிகாகோவில் ஒரு சனிக்கிழமை, தனியாக: வழி சொல்லுங்களேன்

வணக்கம். ஆபீஸ் வேலையாக சிகாகோ வந்திருக்கிறேன். சனிக்கிழமை காலை நகர மையமான லூப் பகுதி ஹோட்டலைக் காலி செய்ய வேண்டும். இரவு பத்து மணிக்கு ஓ'ஹேரில் ஃப்ளைட். நடுவில் பகல் முழுக்கச் சும்மாதான். துணைக்கு ஆள் இல்லை.

ஆர்ட் இன்ஸ்டிடியூட் மியூசியம் கட்டாயம். 1893-ல் விவேகானந்தர் பேசிய கட்டடம். அவரை அனுப்பிவைக்கப் பணம் திரட்டியவர்களில் எங்க மெட்ராஸ் இளைஞர்கள் உண்டு, அந்த உரிமையில் வாசலில் கொஞ்ச நேரம் நிற்கணும். பக்கத்திலேயே மில்லேனியம் பார்க்; அங்கே கண்ணாடி மாதிரி பளபளக்கும் கிளவுட் கேட் சிற்பத்தின் முன்னால் எல்லாரையும்போல ஒரு செல்ஃபி, அவ்வளவுதான்.

மதியத்துக்கு மேல்தான் குழப்பம். ஆற்றில் கட்டடங்களைக் காட்டிக் கதை சொல்லும் படகுச் சுற்றா, வில்லிஸ் டவரின் 103-வது மாடியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிப் பெட்டியா? இரண்டுக்கும் பர்ஸ் தாங்காது. மேலே ஏறிவிட்டால் அந்த டவரே கண்ணில் படாதே என்று படகுப் பக்கம் சாய்கிறேன். போனவர்கள் சொல்லுங்கள், மழை வந்தால் படகில் உட்கார முடியுமா?

நான் சைவம். இந்த ஊரின் தடிமனான டீப் டிஷ் பீட்சா வேகவே அரை மணிக்கு மேல் ஆகிறது, முழுசாக வாங்கினால் நாலு பேர் சாப்பிடலாம். ஒரு ஆளுக்கான சின்ன சைஸ் லூப்பில் எங்கே கிடைக்கும்? இல்லை, ரெட் லைன் ரயிலில் லயோலா ஸ்டேஷன் வரை போய் 155 பஸ் பிடித்து இந்தியக் கடைகள் இருக்கும் டெவன் அவென்யூவில் தோசையே சாப்பிட்டுவிடலாமா? ஆறரைக்குள் லூப் திரும்பி ஏர்போர்ட் போகும் ப்ளூ லைன் ரயில் ஏறணும்.

முக்கியமாக, பெரிய பெட்டியைப் பகலில் எங்கே விடுவது?