போர் அறம் பற்றிப் பேச ஆள் தேவை: மும்பை நண்பர்களே, உதவுங்கள்

வணக்கம். தாராவியில் கல்லூரி மாணவர்களோடு நடத்தும் வாசிப்பு வட்டத்தில், யூதம், கிறிஸ்தவம், இஸ்லாம் ஆகியவை போருக்கு விதித்த எல்லைகளைப் பற்றிப் பேசப்போகிறோம். முற்றுகையிட்ட ஊரின் கனிமரங்களை வெட்டாதே என்கிறது யூதர்களின் தோராவிலும் கிறிஸ்தவர்களின் பைபிளிலும் உள்ள உபாகமம் நூலின் 20ஆம் அதிகாரம். படை அனுப்பிய, முகமது நபிக்குப் பின் முஸ்லிம்களின் முதல் தலைவராக (கலீபா) இருந்த அபூபக்கரும் அதையே சொன்னதாக இஸ்லாமிய மரபு கூறுகிறது. பெண்கள், குழந்தைகள், முதியோரைக் கொல்லவும் தடை விதித்தாராம். இந்த ஒற்றுமை என்னை உலுக்கிவிட்டது.

கிறிஸ்தவத்துக்கு இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் பற்றிய குறிப்புகள் இருக்கின்றன. யூத மரபுதான் கைக்கு எட்டவில்லை. முற்றுகையின்போது தப்பியோடுவோருக்காக ஒரு பக்கத்தைத் திறந்துவிட வேண்டும் என்று 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் எழுதியதைத் தமிழில் யாராவது விளக்கியிருக்கிறார்களா? காலா கோடா யூதர் ஆலயத்தில் யாரையேனும் தெரிந்தவர்கள் அறிமுகப்படுத்த முடியுமா? அவர் இந்தியில் பேசினாலும் நான் மொழிபெயர்த்துக்கொள்கிறேன். மாட்டுங்கா, சயான் அண்ணன்மாரே, அக்காமாரே, புத்தகம் இருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.