வெள்ளவத்தை - பத்தரமுல்லை: மாலையில் எப்படித் திரும்புகிறீர்கள்?

கொழும்பில் இருக்கும் அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். திருச்சியிலிருந்து வேலைக்காக வந்து வெள்ளவத்தையில் தங்கியிருக்கிறேன். அலுவலகம் பத்தரமுல்லையில். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் பிடித்து, கொள்ளுப்பிட்டியில் இறங்கி, 177இல் மாறிப் போகிறேன். காலையில் சமாளித்துவிடலாம். மாலையில்தான் அழுகையே வருகிறது. ராஜகிரியவில் பஸ் நகர்வதே இல்லை. படியில் ஆள் தொங்கும்போதும் கண்டக்டர் இன்னும் ஏற்றுகிறார். மீதிக் காசு கேட்டால் கையைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார். சிங்களம் தெரியாததால் தட்டிக் கேட்கவும் முடியவில்லை.

நுகேகொடை வழியாக வந்தால் நேரம் மிச்சமாகுமா? கொள்ளுப்பிட்டியிலிருந்து கரையோர ரயிலில் வரலாம் என்கிறார்கள். அந்த நேரத்தில் பெண்கள் ஏறக்கூடிய கூட்டம்தானா? வெளிநாட்டவருக்கும் சீசன் டிக்கெட் தருவார்களா? இதே பாதையில் போகும் பெண்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள், சேர்ந்து போகலாம்.