ஜேர்மனியில் இருக்கிறவர்களிடம் ஒரு உதவி

வணக்கம் அக்காமார், அண்ணாமார். யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். வாற மாதம் அம்மா முதல் தடவையாக ஜேர்மனிக்கு, தங்கச்சியின் பிள்ளையைப் பார்க்கப் போகிறா. போன வருஷம் நான் போய்க் கண்டதைச் சொல்லி வைத்திருக்கிறேன்: ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் பூட்டு, இரவு 10 மணிக்குப் பிறகு சத்தம் கூடாது, வெறும் பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தலை எறியாமல் கடை இயந்திரத்தில் போட்டால் 25 சென்ட் திரும்பி வரும். அதெல்லாம் சரி.

கஷ்டம் நன்றி சொல்வதில்தான். அம்மா யாருக்கும் வாயால் நன்றி சொன்னதே இல்லை, சிரித்துத் தலையை ஆட்டுவா, இங்கே அது போதும், ஆனால் அங்கே நான் தலையாட்டியது ஓமா இல்லையா என்று விளங்காமல் கீழ்வீட்டு மனுசி திரும்பத் திரும்பக் கேட்டது இன்னும் மனதில் இருக்கிறது. தங்கச்சியின் பிரசவ நேரம் ஓடி ஓடி உதவினது அந்த மனுசிதான். அவவுக்குக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கொண்டுபோக அம்மாவுக்கு ஆசை, ஆனால் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் பழத்தை உள்ளே விடமாட்டார்கள். அதற்குப் பதிலாகப் பனங்கட்டிக் குட்டான் (சின்ன ஓலைப் பெட்டியில் வருகிற பனைவெல்லம்) கொடுத்தால் விரும்புவாவா? உங்கள் அம்மா, அப்பா வந்தபோது வாய்விட்டு நன்றி சொல்ல எப்படிப் பழக்கினீர்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.