புதுப்பிப்பு: கையால் வரைந்த புதிர்ப் புத்தகம் அச்சாகிவிட்டது

மை பேனாவால் வரைந்த வழி கண்டுபிடிக்கும் புதிர்களைப் புத்தகமாகப் போட நினைக்கிறேன், மாதிரி அச்சில் கோடுகள் மங்குகின்றன என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, சாம்பல் நிறத்தில் ஸ்கேன் செய்யாதீர்கள் என்ற யோசனைதான். சாம்பல் நிறக் கோப்பை அச்சு இயந்திரம் பொடிப் புள்ளிகளாக உடைத்துவிடுகிறது; கோட்டின் ஓரம் பிசிறடிப்பது அதனால்தான். 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) வெறும் கறுப்பு வெள்ளையாக ஸ்கேன் செய்ததும் கோடுகள் கூர்மையாக விழுந்தன. மைக்கு அடியில் முதலில் வரைந்து பார்த்த வெளிர்நீலப் பென்சில் கோடுகளும் தானாக மறைந்துவிட்டன. ரப்பருக்கு வேலையே இல்லை!

அப்புறம் தாள். பளபளப்புத் தாளில் புதிரைப் போடுபவரின் பென்சில் சரியாக ஏறாது என்று ஒருவர் எச்சரித்தது உண்மை. 100 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 100 கிராம்) மேப்லித்தோ, அதாவது பளபளப்பில்லாத அச்சுத்தாள், எடுத்தேன். நடுவில் பின் அடிப்பதென்றால் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். மீந்த பக்கங்களில் விடைகளைப் போட்டுவிட்டேன். புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு இந்தியாவில் கட்டணம் கிடையாது, அதை வழங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம்.

எதிர்பாராதது ஒன்று: புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் இதைத் தங்களுக்கென்று வாங்கியவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள். அட்டையோ குழந்தைகளுக்கானது. அடுத்த பதிப்பில் மாற்ற வேண்டும்.