மறு: ‘பீம் ஸ்டியரிங்’ – ‘கற்றை செலுத்தல்’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம். மேடை ஸ்பீக்கர்களின் ஒலியைக் கற்றையாகக் குவித்து வேண்டிய திசைக்கு அனுப்பும் ‘பீம் ஸ்டியரிங்’ நுட்பத்துக்குத் தமிழ்ச் சொல் தேடும் இழையில், வந்த யோசனைகளுக்கு என் பதில்.

> ‘ஒலி திசைதிருப்பல்’ என்றே வைத்துவிடலாமே. படித்தவுடன் புரிகிறது.

புரிகிறதுதான், ஆனால் வேறு ஏதோ புரிகிறது. கவனத்தைத் திசைதிருப்புகிறார்கள், வழக்கைத் திசைதிருப்புகிறார்கள். போக வேண்டிய இடத்துக்குப் போகவிடாமல் கெடுப்பதற்கே அந்தச் சொல் பழகிவிட்டது. நாம் பெயர் தேடுவதோ இதற்கு நேர் எதிரான வேலைக்கு: சுவரிலும் கூரையிலும் மோதி வீணாகும் ஒலியை, கேட்பவர்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம் சேர்ப்பது.

இந்த இழையில் பலர் பெட்டியைத் திருப்புவதாகவே எழுதியிருக்கிறார்கள். பெட்டி அசைவதில்லை. ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும் ஸ்பீக்கர்களுக்கு ஒரே சிக்னல்தான் போகிறது, ஆனால் ஒவ்வொன்றுக்கும் முந்தையதைவிடச் சற்றுத் தாமதித்துப் போகிறது. ஸ்பீக்கர்களுக்கு இடையே 20 செ.மீ. இருந்து, ஒலியை 10 பாகை கீழே இறக்க வேண்டுமென்றால், அடுத்தடுத்த கீழ் ஸ்பீக்கருக்கு 0.1 மில்லிநொடி கூடுதல் தாமதம் கொடுத்தால் போதும். அலைமுகப்பே, அதாவது ஒலியலையின் முன்விளிம்பே, சாய்ந்து புறப்படும்.

> அப்படியானால் ‘சாய்ப்பு’ என்று சொல்லலாம். சின்னச் சொல்.

பாதி ஒத்துக்கொள்கிறேன். 1992-இல் வந்த வி-டாஸ்க் என்ற ஸ்பீக்கர் அமைப்புக்குப் பிறகு லைன் அர்ரே (பெட்டிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும் முறை) பரவியபோது, பெட்டிகளை ஜே எழுத்தின் வடிவில் வளைத்துத் தொங்கவிட்டு, இரண்டு பெட்டிகளுக்கு இடையிலான கோணத்தைக் கையால் மாற்றினார்கள். அது அசல் சாய்ப்பு. இன்றும் பெரும்பாலான மேடைகளில் அதுதான் நடக்கிறது. ஆகவே அந்தச் சொல்லை அந்த வேலைக்கே விட்டுவைக்க வேண்டும். ஒரே அமைப்பில் பெட்டியை 5 பாகை சாய்த்துவிட்டு, அதற்கு மேல் தாமதத்தால் 10 பாகை இறக்குவது சாதாரணம். இரண்டையும் ‘சாய்கோணம்’ என்று எழுதினால் கணக்குப் போடுகிறவர் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

தொழில்நுட்பமும் சாய்ப்பைத் தாண்டிப் போய்விட்டது. 2023-இல் லாஸ் வேகஸில் திறந்த ஸ்பியர் அரங்கில் ஹோலோபிளாட் நிறுவனத்தின் அமைப்பு இருக்கிறது. ஏறத்தாழ 1,67,000 டிரைவர்கள் (பெட்டிக்குள் ஒலியை எழுப்பும் உறுப்புகள்), ஒவ்வொன்றுக்கும் தனி ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் கருவி). ஒற்றை வரிசையாக இல்லாமல் கட்டமாக அடுக்கியிருப்பதால் மேல், கீழ், இடம், வலம் என எந்தப் பக்கமும் கற்றையை அனுப்பலாம். ஒரே நேரத்தில் பல கற்றைகளும் போகும். ஒரு பகுதிக்கு ஒரு மொழி, அடுத்த பகுதிக்கு இன்னொரு மொழி என்றுகூட. இனி வருவதெல்லாம் இந்தப் பக்கம்தான் நகரும் என்று நினைக்கிறேன், விலை இறங்கினால்.

(இடையில் ஒன்று. ‘ஒலிபெருக்கி’ என்ற சொல்லைப் பலகாலமாகக் குறை சொல்லி வருகிறோம், பெருக்குவது ஆம்ப் அல்லவா என்று. இப்போது ஆம்ப், சிக்னலைக் கணக்கிட்டு மாற்றும் டிஎஸ்பி சில்லு எல்லாம் பெட்டிக்குள்ளேயே வந்துவிட்டன. சொல்லைத் திருத்த வேண்டிய வேலை மிச்சம்.)

‘வளைத்தல்’ வேண்டாம். திறந்தவெளியில் காற்றாலும் வெப்பநிலை மாற்றத்தாலும் ஒலி நிஜமாகவே வளைகிறது. அந்தப் பெயர் அதற்குத் தேவை. ‘ஏவல்’ எனக்குப் பிடித்திருந்தது, அனுப்புவதும் கட்டளையிடுவதும் ஒரே சொல்லில் வருகின்றன. ஆனால் பில்லி, சூனியத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சொல்லை யார் கையேட்டில் போடுவார்கள்? ‘ஆற்றுப்படுத்தல்’ பொருளில் மிகச் சரி, வழியில் சேர்ப்பது. ஆனால் இலங்கையில் அது உளவள ஆலோசனையைக் குறிக்கும் வழக்காகிவிட்டது.

என் பரிந்துரை ‘கற்றை செலுத்தல்’. வண்டியையும் செலுத்துகிறோம், அம்பையும் செலுத்துகிறோம். அனுப்புவதும் ஓட்டுவதும் இரண்டுமே அதில் இருக்கின்றன. முக்கியமாக, சொல் கிளை விடுகிறது: செலுத்துகோணம், செலுத்துதாமதம், செலுத்தெல்லை. பெட்டிக்குச் சாய்கோணம், கற்றைக்குச் செலுத்துகோணம் என்று குழப்பம் தீர்கிறது. கற்றையை உருவாக்குவதற்குத் தனியாகக் ‘கற்றையாக்கம்’ இருக்கட்டும். டிரைவரை ‘இயக்கி’ என்றே எழுதி வருவதால் அதோடும் மோதாது.

> தாழ்ந்த அதிர்வெண்ணில் கற்றையே கிடையாதே, பெயர் பொருந்துமா?

நல்ல கேள்வி. 100 ஹெர்ட்ஸில் அலைநீளம் 3.4 மீட்டர். அதைவிடக் குட்டையான அடுக்கால் அந்த ஒலியைக் குவிக்கவே முடியாது. எல்லாப் பக்கமும் பரவும். சப்களின் (தாழ்ந்த ஒலிக்கான தனி ஸ்பீக்கர்கள்) ஒலியைப் பின்பக்கம் போகாமல் அடக்குவது வேறு உத்தி, அதற்கு வேறு பெயர் பார்ப்போம். மேல் முனையில் சிக்கல் தலைகீழ். 10 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 3.4 செ.மீ.தான். இயக்கிகளின் இடைவெளி அதில் பாதிக்குள், அதாவது 1.7 செ.மீ.க்குள் இருந்தால்தான் எந்தக் கோணத்துக்கும் சுத்தமாகச் செலுத்தலாம். இல்லாவிட்டால் கேட்காத திசையில் இன்னொரு கற்றை கிளம்பும். அவ்வளவு சின்ன இயக்கி, மேடைக்குத் தேவையான சத்தத்தையும் கொடுக்க வேண்டும். இந்தத் துறை முட்டிக்கொண்டு நிற்கும் இடம் இதுதான். செலுத்தெல்லை என்ற சொல்லை இதற்காகவே சேர்த்தேன்.

அந்த வேண்டாத கற்றைக்குப் ‘போலிமடல்’ என்று வைத்திருக்கிறேன், முதன்மைக் கற்றையின் பக்கவாட்டில் கிளம்பும் சிறு கற்றைக்குப் ‘பக்கமடல்’ ஏற்கெனவே நாம் ஏற்றது என்பதால். ‘மடல்’ என்றால் இந்தக் குழுவில் முதலில் மின்மடல்தான் நினைவுக்கு வரும் என்று சிலர் சொல்வார்கள். காதுமடல் இருக்கும்போது அது தடையில்லை என்பது என் எண்ணம். மாற்றுச் சொல் வைத்திருப்பவர்கள் செலுத்துகோணத்தோடு ஒரு வாக்கியத்தில் எழுதிக் காட்டினால் ஒப்பிட எளிதாக இருக்கும்.

அன்புடன்