சமையலறைச் சுவர் அலமாரி: பலகை தொய்கிறது, ஸ்க்ரூ கழல்கிறது

கேள்வி: 90 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலப் பலகை, 12 மி.மீ. தடிமன். இரு முனையிலும் ப்ராக்கெட். பருப்பு, அரிசி டப்பாக்கள் வைத்ததும் நடுவில் தொய்கிறது, ஒரு பக்க ஸ்க்ரூவும் வெளியே வருகிறது. செங்கல் சுவர். எப்படிச் சரிசெய்வது?

பதில் 1: இவை இரண்டும் வேறு வேறு சிக்கல்கள். ஸ்க்ரூ பூச்சில் மட்டுமே பிடித்திருக்கும். பூச்சு எடை தாங்காது. 8 மி.மீ. பிட்டால் 60 மி.மீ. ஆழம் துளைத்து, தூசியை முழுக்க ஊதி வெளியேற்றி, 8 மி.மீ. ப்ளக்கை (ஸ்க்ரூவை இறுகப் பிடிக்கும் பிளாஸ்டிக் உறை) பூச்சைத் தாண்டிச் செங்கலுக்குள் தள்ளுங்கள். 5 மி.மீ. தடிமனில் 60 மி.மீ. ஸ்க்ரூ போதும். செங்கல்களுக்கு இடையிலுள்ள கலவையில் துளை விழுந்தால் இடம் மாற்றுங்கள். உள்ளே வெற்றுத் துளைகள் உள்ள செங்கல் என்றால் ட்ரில்லில் ஹேமர் முறை (அடித்துத் துளைப்பது) வேண்டாம், செங்கலின் உள்சுவர் உடைந்துவிடும். ஸ்விட்ச் பெட்டிக்கு நேர் மேலும் கீழும், குழாய்க்கு நேராகவும் துளைக்கவே கூடாது.

பதில் 2: தொய்வுக்கு: 18 மி.மீ. ப்ளைவுட், நடுவில் மூன்றாவது ப்ராக்கெட். தடிமன் ஒன்றரை மடங்கானாலே விறைப்பு மூன்று மடங்குக்கு மேல் கூடும். முன்விளிம்பில் 40 மி.மீ. மரச்சட்டத்தைப் பசையிட்டுத் திருகினால் இன்னும் நல்லது. ப்ராக்கெட் கை பலகை அகலத்தில் மூன்றில் இரண்டு பங்காவது நீள வேண்டும். துகள் பலகை (பார்ட்டிகிள் போர்டு) வேண்டவே வேண்டாம், ஆவி பட்டு ஊதிவிடும்.

பதில் 3: கனமான டப்பாக்களைக் கீழ் அலமாரிக்கு மாற்றுங்கள். அந்த அலமாரிக் கதவின் உள்பக்கம் மசாலா ரேக் போடுவதாக இருந்தால் முதலில் உள்தட்டின் முன்பக்கத்தை ரேக்கின் ஆழம் அளவுக்கு வெட்டிக் குறையுங்கள். இல்லாவிட்டால் கதவு மூடாது.