வானொலியில் பாட்டின் சத்தத்தைச் சீராக்கி அனுப்பும் ஆடியோ பிராசஸர் செட்டிங்கில் நீங்கள் பட்ட பாடு என்ன?

நானே தொடங்கிவைக்கிறேன். நான் வேலை பார்த்த பண்பலை நிலையத்தில் காலையில் இரண்டு மணிநேரம் மேற்கத்திய செவ்வியல் இசை, மற்ற நேரமெல்லாம் ராக்கும் பாப்பும். எல்லாவற்றுக்கும் ஒரே பிரீசெட் (சேமித்து வைத்த செட்டிங்): ஐந்து பேண்ட் (தாழ் ஒலி முதல் உச்ச ஒலி வரை ஐந்தாகப் பிரித்துத் தனித்தனியாகக் கையாள்வது), வேகமான ரிலீஸ் (அமுக்கிய சத்தத்தைத் திரும்ப உயர்த்தும் வேகம்), கிளிப்பர் (அளவு மீறும் ஒலி முகடுகளை வெட்டுவது) தாராளம். பகலில் குறை சொல்ல முடியாது. காரில் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாலும் பாட்டு முன்னால் வந்து நிற்கும்.

ஒருநாள் காலை தனிப் பியானோ ஓடிக்கொண்டிருந்தது. வாசிப்பவர் கடைசி கார்டை (சேர்ந்தொலிக்கும் சுரங்களை), பெடலை விடாமல் அப்படியே கரைய விடுகிறார். எங்கள் ஒலிபரப்பில் அது கரையவில்லை. ஓசை தேயத் தேய, சத்தத்தின் அளவைத் தானாகச் சமன்செய்யும் ஏஜிசி அதைத் தூக்கிக்கொண்டே போனது. முதலில் கம்பியின் அதிர்வு இயல்புக்கு மீறி நீண்டது. அப்புறம் அரங்கத்தின் 'உஸ்' இரைச்சல் எழுந்தது. கடைசியில் பார்வையாளர் ஒருவரின் இருமல் பியானோவைவிடப் பலமாகக் கேட்டது. நேயர் ஒருவர் போன் செய்து, ஸ்டுடியோவில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரித்தார்.

அன்றைக்குத்தான் 'கேட்' செட்டிங்கை முதன்முதலாகத் தொட்டேன். ஒலி அதில் வைத்த அளவுக்குக் கீழே போனால் ஏஜிசி இருந்த இடத்திலேயே நின்றுவிடும், மேலே தூக்காது. அதை ஏற்றினேன். ரிலீஸை நன்றாக மந்தமாக்கினேன். ஐந்து பேண்டை விட்டு இரண்டு பேண்டுக்கு வந்தேன். ஐந்தும் தனித்தனியாக இழுத்தால் செல்லோ ஒரு நிமிடம் பக்கத்தில் இருக்கும், அடுத்த நிமிடம் அடுத்த அறைக்குப் போய்விடும். ஒலிப் பதப்படுத்தலே வேண்டாம் என்று சொல்லும் செவ்வியல் அன்பர்கள், ஓடும் காரில் மெல்லிய பகுதியைக் கேட்டுப் பார்த்தவர்கள் இல்லை என்பது என் கருத்து.

பிரீசெட் மாறுவதைக் கடிகாரத்தில் போட்டதுதான் அடுத்த முட்டாள்தனம். சிம்பொனி மூன்று நிமிடம் நீண்டுவிட்டது. மணி ஒன்பது அடித்ததும் அமைதியாகப் போய்க்கொண்டிருந்த வயலின்கள் திடீரென்று கத்த ஆரம்பித்தன. இப்போது நிலைய அறிவிப்பு ஓடும்போது ஆட்டோமேஷன்தான் சிக்னல் கொடுத்து மாற்றுகிறது.

மறுமொழி:

எனக்கு டான்ஸ் மியூசிக்கில் பாடம். பழைய பெட்டி, முழு அலைவரிசைக்கும் ஒரே கம்ப்ரசர் (பலமான ஒலியை அமுக்கும் பகுதி). கிக் டிரம் விழும்போதெல்லாம் பாடகி ஓரடி பின்னால் போய்த் திரும்பி வந்தார். மல்டிபேண்ட் வாங்கியதும் அது தீர்ந்தது. ஆனால் ஆசையில் பேஸை ஏற்றிவிட்டேன். கிளிப்பரில் முட்டிக் கரகரத்தது. மாடுலேஷனுக்கு இருப்பது 75 கிலோஹெர்ட்ஸ் டீவியேஷன்தான், அதாவது ஒலிக்கேற்ப எஃப்எம் அலையின் அதிர்வெண் விலகக்கூடிய எல்லை அவ்வளவுதான். அதில் பேஸ் அதிகம் தின்றால் மற்றதற்கு மிச்சமில்லை. 2 டெசிபல் இறக்கினேன், நிலையமே சத்தமாகிவிட்டது!

மறுமொழி:

புதுப் பாப் பாடல்களில் 'ஸ' வரும் இடமெல்லாம் காதைக் கிழித்தது. எதை மாற்றியும் பயனில்லை. காரணம் இரண்டு. மாஸ்டரிங்கிலேயே (வெளியிடுமுன் செய்யும் கடைசி ஒலிச் சீரமைப்பிலேயே) தட்டையாக்கப்பட்ட பாட்டு அது, கம்ப்ரசருக்கு அதில் பிடித்து இழுக்க ஒன்றுமில்லை. இன்னொன்று பிரீ-எம்ஃபசிஸ்: இரைச்சலைக் குறைக்க, எஃப்எம்மில் உச்ச ஒலியை ஏற்றி அனுப்பி ரேடியோவில் இறக்குவது. 50 மைக்ரோவிநாடித் தரத்தில் 15 கிலோஹெர்ட்ஸ் சுமார் 13.7 டெசிபல் உயரும், அமெரிக்காவின் 75 மைக்ரோவிநாடியில் சுமார் 17. ஏற்கெனவே பளபளக்கும் உச்ச ஒலி அந்த உயரத்தில் போய்க் கிளிப்பரில் விழுகிறது. உச்ச பேண்டின் டிரைவை (உள்ளே தள்ளும் அளவை) குறைத்ததும் அடங்கியது. பழைய பாட்டு நிலையத்தில் இதற்கு நேர்மாறு: அங்கே அதே பேண்டை ஏற்றினால் டேப் இரைச்சல்தான் முதலில் மேலே வரும். இன்னொன்று, ஹெட்ஃபோனை நம்பி முடிவெடுக்காதீர்கள். நான் சாதாரண ரேடியோ ஒன்றை மேசையில் வைத்துக்கொண்டு, ஒரு குமிழைத் திருகிவிட்டு அரை மணி கேட்பேன்.

மறுமொழி:

நெட் ஸ்ட்ரீமுக்கு எஃப்எம் வெளியீட்டையே கொடுத்தவன் நான். சிம்பல் எல்லாம் தண்ணீர் கொப்பளிப்பது போலக் கேட்டது. கிளிப்பர் உண்டாக்கும் சிதைவையும் சேர்த்துச் சுருக்கவே கோடெக் (ஒலியை நெட்டுக்காகச் சுருக்கும் மென்பொருள்) பிட்டைச் செலவழிக்கிறது, குறைந்த பிட்ரேட்டில் இசைக்கு மிச்சமில்லை. ஸ்ட்ரீமில் பிரீ-எம்ஃபசிஸும் இல்லை, கிளிப்பருக்கு அவசியமும் இல்லை. தனியாக ஒரு லுக்-அஹெட் லிமிட்டர் (வரப்போகும் முகட்டை முன்பே பார்த்து அடக்குவது) போட்டேன், சரியாயிற்று.

பதிவிட்டவர்:

கேட் பற்றிப் பெருமையாகச் சொன்னேன் அல்லவா? சென்ற மாதம் அதே பிரீசெட்டை இரவு ஜாஸுக்கும் வைத்தேன். அறிவிப்பாளர் பலமாகப் பேசி முடித்ததும் ஏஜிசி கீழே இறங்கியிருந்தது. அடுத்து வந்தது பிரஷ்ஷால் வருடும் டிரம்ஸ், மெல்லிய பேஸ். கேட் அளவுக்கு மேலே அது எட்டவே இல்லை. ஏஜிசி உறைந்து நின்றதில் முதல் இரண்டு நிமிடம் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. கேட் அளவை 3 டெசிபல் இறக்கியிருக்கிறேன். இன்றிரவு கேட்டுப் பார்க்க வேண்டும்.